அப்பாவின் கோஸ்தான் பாடம்

என் அப்பா மம்பாவ் வட்டாரத் தோட்டமொன்றில் கனவுந்து ஓட்டுநராக இருந்தார். 'கனவுந்து' என்று இங்கே எழுதுகிறேனே தவிர, தோட்டத்தில் அதை எல்லாரும் 'லோரி' என்றுதான் சொல்வார்கள். காலையில் பெரட்டுக் களத்திலிருந்து ஆள்களை ஏற்றிக்கொண்டு போவார். பிறகு நாள் முழுவதும் செம்பனைக் குலைகளை ஏற்றி இறக்கும் வேலை. மாலையில் வேலை முடிந்து லோரியைக் கொட்டகையில் விடும்போது, அவர் ஒரு நாள்கூட நேராக உள்ளே ஓட்டிச் சென்றதில்லை. கொட்டகையைத் தாண்டிப் போய் நிறுத்துவார். கண்ணாடிகளைப் பார்ப்பார். கெலிண்டான் அண்ணன் கீழே குதித்துப் பின்பக்கம் போய் நின்று, "வா... வா... வா..." என்று குரல் கொடுப்பார். போதும் என்றால் லோரியின் உடம்பில் உள்ளங்கையால் 'தட்' என்று ஓர் அடி. லோரி நிற்கும். அதன் முகம் சாலையைப் பார்த்திருக்கும்.

எனக்கு அப்போது எட்டு அல்லது ஒன்பது வயது இருக்கும். "எல்லாரும் வேலை முடிந்து களைப்பாக இருக்கிறீர்கள். இப்போது எதற்கு இவ்வளவு சிரமப்பட்டுக் கோஸ்தான் எடுக்கிறீர்கள்? காலையில் எடுத்துக்கொள்ளலாமே" என்று கேட்டேன்.

"ராத்திரியில் யாருக்காவது முடியாமல் போனால், இருட்டில் திருப்பிக்கொண்டு நிற்க முடியுமா, அம்மா?" என்றார் அப்பா.

அது வெறும் பேச்சன்று. தோட்டத்து மருந்தகத்தில் காய்ச்சலுக்கும் வெட்டுக்காயத்துக்கும் மருந்து உண்டு. அதற்கு மேல் என்றால் சிரம்பான் மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். பிரசவ வலி, பாம்புக்கடி, நெஞ்சுவலி என்று எது வந்தாலும் லயத்திலிருந்து யாராவது ஓடிவந்து எங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். அந்த நேரத்தில் செம்மண் பாதையில், மழையில், விளக்கில்லாத இடத்தில் லோரியைத் திருப்ப ஐந்து நிமிடம் ஆகலாம். பதற்றத்தில் திருப்பும்போது பின்னால் யார் நிற்கிறார்கள் என்பதும் தெரியாது. அதனால், கடினமான வேலையை வெளிச்சமும் நிதானமும் உள்ள மாலையிலேயே முடித்துவைப்பது அப்பாவின் வழக்கம்.

'கோஸ்தான்' என்ற சொல்லைப் பாடநூலில் பார்ப்பது உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். வாகனத்தைப் பின்னோக்கிச் செலுத்துவதை மலேசியாவில் தமிழர், மலாய்க்காரர், சீனர் அனைவரும் பேச்சில் இப்படித்தான் சொல்கிறோம். கப்பலைப் பின்னோக்கிச் செலுத்தச் சொல்லும் 'கோ ஆஸ்டெர்ன்' என்ற ஆங்கிலக் கட்டளையே துறைமுகத்திலிருந்து கரையேறி, நம் நாக்கில் 'கோஸ்தான்' ஆயிற்று என்பர். எழுத்து வழக்கில் 'பின்னோக்கிச் செலுத்துதல்' என்று எழுதுங்கள். ஆனால், என் அப்பாவின் வாயில் அச்சொல் ஒரு நாளும் வந்ததில்லை.

அப்பா சொன்ன காரணத்தை நான் வளர வளர மறந்துபோனேன். தோட்டங்களும் மாறின. 1985ஆம் ஆண்டு புரோட்டோன் சாகா வந்தபோது, மகிழுந்து என்பது துரைக்கும் கிராணிக்கும் மட்டும் உரியதன்று என்ற எண்ணம் எங்கள் பக்கத்திலும் மெல்ல எழுந்தது. 1990களில் சிரம்பானைச் சுற்றிப் புதிய வீடமைப்புப் பகுதிகள் எழுந்தன. லயத்திலிருந்து தாமான் வீடுகளுக்குக் குடிபெயர்ந்த குடும்பங்கள் முதலில் மோட்டார்சைக்கிளும் பிறகு மகிழுந்தும் வாங்கின. எல்லா வண்டிகளையும் நிறுத்துவதற்கு இடம் தேடும் காலம் வந்தது.

2001ஆம் ஆண்டில் எனக்கென்று பழைய பெரோடுவா கஞ்சில் ஒன்று வாங்கினேன். ஒரு சனிக்கிழமை மாலை அப்பாவை அழைத்துக்கொண்டு நகரத்தில் இருந்த பேரங்காடி ஒன்றுக்குப் போனேன். நிறுத்துமிடத்தில் கூட்டம். ஒரு கட்டம் காலியாக இருப்பதைக் கண்டதும், வேறு யாரும் நுழைந்துவிடக் கூடாதே என்று நேராக உள்ளே விட்டேன். அப்பா என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

பொருள்களை வாங்கிக்கொண்டு திரும்பியபோது, என் கஞ்சிலின் இடப்பக்கம் ஒரு வேனும் வலப்பக்கம் உயரமான நான்கு சக்கர இயக்க வாகனமும் நின்றன. இரண்டுக்கும் கருப்புக் கண்ணாடி. நடுவில் என் சிறிய வண்டி, கிணற்றுக்குள் இறங்கிய வாளிபோல இருந்தது. வண்டியை எடுத்தேன். கண்ணாடியைப் பார்த்தேன், கழுத்தைத் திருப்பியும் பார்த்தேன். தெரிந்ததெல்லாம் வேனின் வெள்ளைத் தகடுதான். மெதுவாகத்தானே போகிறோம் என்று பின்னோக்கி விட்டேன்.

'தட்!'

அந்த ஒலி எனக்குச் சிறு வயதிலிருந்தே தெரிந்த ஒலி. கால் தானாகத் தடையை மிதித்தது. தள்ளுவண்டியோடு வந்த ஓர் அம்மா என் வண்டியின் பின்புறத்தை உள்ளங்கையால் அடித்திருந்தார். இறங்கி ஓடினேன். தள்ளுவண்டிக்கும் என் வண்டிக்கும் இடையே ஒரு முழம்கூட இல்லை. அந்த இடைவெளியில், அம்மாவின் கையைப் பிடித்தபடி மூன்று வயதுக் குழந்தை ஒன்று நின்றுகொண்டிருந்தது. அதன் தலை என் வண்டியின் பின்கண்ணாடியின் கீழ்விளிம்பைக்கூட எட்டவில்லை.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அந்த அம்மா என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டார். வீடு வந்து சேரும்வரை அப்பாவும் பேசவில்லை. வண்டியை விட்டு இறங்கும்போதுதான், "நாளைக்குக் காலையில் பெரட்டுக் களத்துக்குப் போவோம். பால் வாளி நான்கு எடுத்து வை" என்றார்.

அந்தப் பாடத்தைச் சொல்வதற்கு முன், அன்று நான் எங்கே தவறினேன் என்பதைப் பார்ப்போம். நான் வேகமாகப் போகவில்லை. கவனக்குறைவாகவும் இல்லை. பார்க்க முயன்றேன், ஆனால் பார்க்க முடியாத இடத்தில் இருந்தேன்.

நேராக உள்ளே விட்ட வண்டியைப் பின்னோக்கி எடுக்கும்போது, ஓட்டுநரின் கண்களுக்கு முன்பாக வண்டியின் பின்பகுதி நடைபாதைக்குள் போய்விடுகிறது. இரு பக்கமும் பெரிய வாகனங்கள் நின்றால், நம் தலை அவற்றின் பின்விளிம்பைத் தாண்டும்வரை குறுக்கே வருவது எதுவும் தெரியாது. அதற்குள் வண்டி ஏறக்குறைய 2 மீட்டர் வெளியே வந்திருக்கும். மணிக்கு 5 கிலோமீட்டர் என்பது நடக்கும் வேகம். அந்த வேகத்தில்கூட வண்டி ஒரு வினாடிக்கு 1.4 மீட்டர் நகர்கிறது. கண் கண்டு, மூளை உணர்ந்து, கால் தடையை மிதிக்க ஒன்றரை வினாடி ஆகும் என்று வைத்துக்கொண்டால், அதற்குள் 2 மீட்டர் போயிருக்கும்.

முகம் வெளியே பார்த்தபடி நின்ற வண்டியை எடுக்கும்போதும் வண்டியின் முன்பகுதி நமக்கு முன்னால்தான் போகிறது, உண்மைதான். சிறிய வண்டிகளில் இந்த நீளத்தில் பெரிய வேறுபாடு இல்லை. வேறுபாடு பார்வையில் இருக்கிறது. முன்கண்ணாடி அகலமானது. இடமும் வலமும் பார்க்கத் தலையை லேசாகத் திருப்பினால் போதும். பின்னோக்கிப் பார்க்கும்போதோ தலைசாய்ப்பான், பின்தூண்கள், பின்னிருக்கையில் அமர்ந்திருப்பவர், ஏற்றி வைத்த பொருள்கள் என்று எல்லாமே குறுக்கே வரும். குழந்தையின் உயரம் கண்ணாடியின் விளிம்புக்குக் கீழே போய்விடும். நடந்துவருபவரின் பக்கமிருந்து பாருங்கள். வெளியே வரும் ஓட்டுநரின் முகம் அவருக்குத் தெரிந்தால், தன்னை அவர் பார்த்துவிட்டாரா என்று அறிந்துகொள்ள முடியும். வண்டியின் முதுகைப் பார்த்து எதை அறிவது?

எப்படி நிறுத்தினாலும் ஒரு தடவை பின்னோக்கிச் செலுத்தித்தான் ஆக வேண்டும். அதை வரும்போது செய்வதா, போகும்போது செய்வதா என்பதே கேள்வி. வரும்போது நாம் பின்னோக்கி நுழைவது காலியான ஒரு கட்டத்துக்குள். அந்தக் கட்டத்தைச் சற்று முன்புதான் கடந்து வந்தோம், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தும் விட்டோம். போகும்போது நாம் பின்னோக்கி நுழைவது மனிதர், மோட்டார்சைக்கிள், தள்ளுவண்டி என்று நொடிக்கு நொடி மாறும் ஒரு வழிக்குள். என் அப்பா பள்ளியில் அதிகம் படித்தவர் அல்லர். ஆயினும் இந்தக் கணக்கை அவர் எனக்கு முன்பே போட்டுவைத்திருந்தார்.

இதை வெளிநாட்டிலும் கணக்குப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்க வாகனமோட்டிகள் சங்கமான 'டிரிபிள் ஏ' 2015ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், அந்நாட்டு ஓட்டுநர்களில் 76 விழுக்காட்டினர் பெரும்பாலும் முன்பக்கமாகவே நிறுத்துவதாகத் தெரியவந்தது. பின்னோக்கி நுழைந்து முன்னோக்கி வெளியேறுமாறு அச்சங்கம் அவர்களுக்கு அறிவுறுத்தியது. ஜப்பானில் பின்னோக்கி நிறுத்துவதே பரவலான வழக்கம். எண்ணெய், எரிவாயு நிறுவனங்களின் வளாகங்களில் பல இடங்களில் இது கட்டாய விதியாகவே இருக்கிறது. தீயோ வாயுக் கசிவோ ஏற்பட்டால் எல்லா வண்டிகளும் ஒரே நேரத்தில் வெளியேற வேண்டுமே! அந்த விதியை முதன்முதலில் படித்தபோது எனக்குக் கொட்டகையில் நின்ற லோரிதான் நினைவுக்கு வந்தது.

இனி, பெரட்டுக் களத்துக்கு வருவோம்.

முன்பு விடிவதற்குள் தொழிலாளர்கள் வரிசையாக நின்று பெயர் கொடுத்து, அன்றைய வேலையைப் பெற்றுக்கொண்ட திறந்தவெளி அது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே யாரும் இல்லை. மரம் வெட்டிய காலத்துப் பால் வாளிகள் நான்கை அப்பா தரையில் வைத்தார். அகலத்தைக் காலடியால் அளந்தார். "இதுதான் கட்டம். வாளியைத் தொட்டால் பக்கத்து வண்டியைத் தொட்டதாகக் கணக்கு."

அவர் காலால் அளந்தது ஏறக்குறைய சரியாகத்தான் இருந்தது. நம் நாட்டில் நிறுத்துமிடக் கட்டங்கள் பெரும்பாலும் 2.4 முதல் 2.5 மீட்டர் வரை அகலமும், 5 மீட்டர் அளவு நீளமும் கொண்டவை. இன்று நாம் சாலைகளில் அதிகமாகக் காணும் பெரோடுவா மைவியின் அகலம் 1.735 மீட்டர். கழித்துப் பாருங்கள். நடுவில் சரியாக நிறுத்தினால்கூட ஒவ்வொரு பக்கமும் ஓரடியைச் சற்றே தாண்டிய இடைவெளிதான் மிஞ்சும். பக்கக் கண்ணாடிகள் அதிலும் கொஞ்சத்தை எடுத்துக்கொள்ளும்.

இவ்வளவு குறுகிய இடத்தில் பின்னோக்கி நுழைவது கடினம் என்றுதான் நானும் நினைத்தேன். உண்மை வேறு. மகிழுந்தில் திரும்புபவை முன்சக்கரங்கள் மட்டுமே. முன்னோக்கி நுழைந்தால், பின்சக்கரங்கள் வளைவின் உட்பக்கமாகக் குறுக்கே வெட்டிக்கொண்டு வரும், பக்கத்து வண்டியை உரசுவது அதனால்தான். பின்னோக்கி நுழையும்போது, திரும்பாத சக்கரங்கள் முதலில் கட்டத்துக்குள் போய்விடுகின்றன. திரும்பும் சக்கரங்கள் வெளியே, அகலமான வழியில் இருந்துகொண்டு வண்டியை வளைத்துக் கொடுக்கின்றன. கிடங்குகளில் பொருள்களைத் தூக்கி அடுக்கும் பாரந்தூக்கி வண்டியைப் பார்த்திருப்பீர்கள். அதில் திரும்புபவை பின்சக்கரங்கள். அதனால்தான் அது அவ்வளவு நெருக்கத்தில் சுழல்கிறது. பின்னோக்கிச் செல்லும் மகிழுந்தும் அப்படிப்பட்ட ஒரு வண்டிதான்.

அப்பா முதலில் வலப்பக்கக் கட்டத்தில் பழக்கினார். நம் நாட்டில் ஓட்டுநர் வலப்பக்கம் அமர்வதால், வலப்பக்கத்து வாளிகள் சன்னல் வழியாகவே தெரியும். இடப்பக்கத்தை அடுத்த வாரத்துக்கு ஒத்திவைத்தார். "கட்டத்தை ஒட்டிப் போகாதே. ஒன்றரை மீட்டர் தள்ளிப் போ" என்றார். மெதுவாகக் கட்டத்தைக் கடக்கும்போது உள்ளே பார்க்கச் சொன்னார். சிமெண்டுத் தடுப்பு இருக்கிறதா, தூண் இருக்கிறதா, மோட்டார்சைக்கிள் ஏதும் உள்ளே மறைந்து நிற்கிறதா, யாராவது குறுக்கே நடக்கிறார்களா என்று பார்ப்பதற்கு அந்த இரண்டு வினாடிதான் கிடைக்கும். தோள் கட்டத்தைத் தாண்டியதும் வண்டியை லேசாக இடப்பக்கம் ஒடித்து முன்னே விட்டால், வண்டியின் பின்புறம் தானாகக் கட்டத்தை நோக்கித் திரும்பிக்கொள்கிறது. அங்கே முழுமையாக நிற்க வேண்டும். சமிக்ஞை விளக்கு அதற்கு முன்பே எரிந்துகொண்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால், பின்னால் வருபவர் நாம் போகிறோம் என்று நினைத்து ஒட்டிக்கொண்டு வந்துவிடுவார், பிறகு இருவருமே நகர முடியாது.

நின்றபின் மூன்று கண்ணாடிகள், இரு தோள்கள். பிறகு பின்கியர். திசைதிருப்பியை வலப்பக்கம் சுழற்றியபடி நடைவேகத்துக்கும் குறைவாக விட வேண்டும். முதல் தடவை நான் வலப்பக்க வாளியையே பார்த்துக்கொண்டிருந்தேன். வண்டியின் முன்பகுதி இடப்பக்கமாக வீசி விரிந்ததைக் கவனிக்கவில்லை. "எதிரே மோட்டார்சைக்கிளில் ஒருவன் வந்திருந்தால்?" என்று கேட்டார் அப்பா. பின்னோக்கி வளையும்போது முன்மூக்கு எதிர்ப்பக்கம் வழிக்குள் பாயும் என்பதைப் புதியவர்கள் அடிக்கடி மறக்கிறார்கள். நான் இரண்டு வாளிகளைச் சாய்த்த பிறகுதான் நினைவில் வைத்துக்கொண்டேன்.

இரு பக்கக் கண்ணாடிகளிலும் கோடுகள் ஒரே அளவில் தெரியும்போது திசைதிருப்பியை நேராக்கினால் வண்டி உள்ளே போய் நிற்கும். ஒரு பக்கம் ஒட்டிவிட்டால் முன்னே எடுத்து மறுபடியும் வர வேண்டியதுதான். "ஒரே தடவையில் போட வேண்டும் என்று யார் சொன்னது? லோரியை நான் நான்கு தடவை எடுத்த நாளும் உண்டு" என்றார். இந்த ஒன்றை எனக்குத் தெரிந்த பல ஓட்டுநர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். பின்னால் ஒருவர் ஒலியெழுப்பினால் போதும், வெட்கத்தில் அவசரப்பட்டுத் தூணில் இடித்துக்கொள்வார்கள்.

இப்போது வண்டிகளில் பின்புறக் கேமரா வந்துவிட்டது. அதன் பின்னணியில் ஒரு துயரம் உண்டு. அமெரிக்காவில் தந்தை பின்னோக்கி எடுத்த வண்டியில் சிக்கி இறந்த இரண்டு வயதுக் குழந்தையின் பெயரில் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அதன் பயனாக, 2018 மே மாதம் முதல் அங்கு விற்பனைக்கு வரும் எல்லாப் புதிய மகிழுந்துகளிலும் பின்புறக் கேமரா கட்டாயமாயிற்று. அந்நாட்டில் பின்னோக்கி வந்த வாகனங்களால் ஆண்டுக்கு ஏறத்தாழ 210 பேர் இறப்பதாக அப்போது அரசு கணக்கிட்டிருந்தது. அவர்களுள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். அடுத்த பெரும் பகுதியினர் எழுபது வயதைக் கடந்த முதியவர்கள். வண்டி ஓட்டியவர்களுள் பலர் அந்தக் குழந்தைகளின் சொந்தப் பெற்றோர்.

கேமரா நல்ல துணைதான். ஆனால், அது நேர் பின்னால் இருப்பதைக் காட்டும். வேனுக்கு அப்பாலிருந்து நடந்துவரும் குழந்தையை, அது வேனைக் கடந்த பிறகே காட்டும். மழை பெய்தால் ஆடியில் நீர் கோத்துக்கொள்ளும். குறுக்கே வருவதை உணர்ந்து எச்சரிக்கும் கருவிகளும் சில வண்டிகளில் உண்டு. முன்பு சொன்ன அதே 2015ஆம் ஆண்டு ஆய்வில், பெரிய வாகனங்களுக்கு நடுவே நிறுத்திய வண்டிகளில் இக்கருவிகளைச் சோதித்தார்கள். அவை 60 விழுக்காட்டுச் சோதனைகளில் நடந்து செல்பவரைக் கண்டறியத் தவறின. மோட்டார்சைக்கிளை 48 விழுக்காட்டில் தவறவிட்டன. கருவிகள் அதன்பின் மேம்பட்டிருக்கலாம், ஆனால் வேனின் தகட்டை ஊடுருவிப் பார்க்கும் கேமராவை நான் இன்னும் காணவில்லை.

எல்லா இடத்திலும் பின்னோக்கித்தான் நிறுத்த வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சாய்கோடாக வரைந்த கட்டங்கள், ஒருவழிப் பாதையிலிருந்து முன்பக்கமாக நுழைவதற்கென்றே அமைக்கப்பட்டவை. அங்கே பின்னோக்கி நுழைய முயன்றால் எதிர்த்திசையில் வந்ததாகிவிடும். சில இடங்களில் முன்பக்கமாக நிறுத்துமாறு அறிவிப்பு இருக்கும். புகைபோக்கியின் கரி, கட்டத்துக்குப் பின்னால் உள்ள செடிகளிலும் சுவரிலும் சன்னல்களிலும் படிவதே காரணம். அந்த அறிவிப்பை மதிக்க வேண்டும். அப்படிப்பட்ட நாளில் வெளியேறும்போது, உடன் வந்த பெரியவர் ஒருவர் கீழே இறங்கி, வண்டியின் பாதையிலிருந்து விலகி, ஓட்டுநருக்குத் தெரியும்படி நின்று கைகாட்டலாம். கெலிண்டான் அண்ணன் செய்த வேலை அதுதான். தனியாக வந்திருந்தால், ஏறுவதற்கு முன் வண்டியை ஒரு சுற்று சுற்றிப் பார்க்க வேண்டும். அப்பா லோரியை எடுக்குமுன் எப்போதும் குனிந்து அடியில் பார்ப்பார். லயத்துப் பிள்ளைகள் ஒளிந்து விளையாட லோரியின் அடியைவிட நல்ல இடம் எங்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. நானும் ஒளிந்திருக்கிறேன்.

எந்தக் கட்டத்தில் நிறுத்துவது என்பதும் உண்டு. பேரங்காடியின் வாசலுக்கு அருகில் கட்டம் கிடைத்தால் பலருக்கும் பரிசு விழுந்ததுபோல மகிழ்ச்சி. ஆனால், எல்லாரும் நடக்கும் இடம் அதுதான். தள்ளுவண்டிகளும் குழந்தைகளும் அங்கேதான் அதிகம். ஐம்பது மீட்டர் தள்ளி நிறுத்தினால் இரு பக்கமும் பெரும்பாலும் காலியாகவே கிடைக்கும். எதிரெதிரே இரண்டு கட்டங்கள் காலியாக இருந்தால், ஒன்றின் வழியாக நுழைந்து மற்றதில் போய் நின்றுவிடலாம். கோஸ்தானே தேவைப்படாது. அந்தப் பக்கத்திலிருந்து வேறொருவர் அதே கட்டத்துக்குள் திரும்புகிறாரா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

உங்களுள் பலர் விரைவில் ஓட்டுநர் பயிற்சிக்குப் போவீர்கள். நம் நாட்டில் 16 வயதில் மோட்டார்சைக்கிளுக்கும் 17 வயதில் மகிழுந்துக்கும் உரிமம் பெற முயலலாம். மகிழுந்துத் தேர்வில் ஏற்றத்தில் நிறுத்தி எடுப்பது, பக்கவாட்டில் நிறுத்துவது, முப்புள்ளித் திருப்பம் ஆகியவற்றைச் செய்து காட்டச் சொல்வார்கள். அவை மூன்றிலும் தேறிய நான்தான் அந்தச் சனிக்கிழமை பேரங்காடியில் வண்டியை எடுத்தேன்.

ஆனால், இன்றைக்கு நீங்கள் ஓட்டுநர் அல்லர். நிறுத்துமிடத்தில் நடந்துபோகிறவர். தம்பி தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு போகிறவரும் பெரும்பாலும் நீங்கள்தான். நிற்கும் வண்டியின் பின்புறத்தில் வெள்ளை விளக்கு எரிந்தால், அது பின்னோக்கி வரப்போகிறது என்று பொருள். அந்த விளக்கைக் கண்டதும் நின்றுவிடுங்கள், ஓடிக் கடக்க முயலாதீர்கள். இரண்டு வண்டிகளுக்கு இடையிலிருந்து வழிக்குள் இறங்கும்போது, வண்டியின் விளிம்பில் ஒரு கணம் நின்று இரு பக்கமும் எட்டிப் பாருங்கள். கைப்பேசியை அப்போது பையில் வையுங்கள். வண்டி முழுமையாக நின்று, கைத்தடை போட்ட பிறகே தம்பி தங்கைக்குக் கதவைத் திறந்துவிடுங்கள். வேறு வழியே இல்லாமல் ஒரு வண்டி உங்களை நோக்கிப் பின்னால் வந்தால், கத்துவதைவிட வண்டியின் உடம்பில் ஓங்கி அடிப்பது பயன் தரும். கண்ணாடியை ஏற்றிவிட்டு வானொலி கேட்டுக்கொண்டிருப்பவருக்குக் குரல் கேட்காது, தகட்டின் அதிர்வு கேட்கும். அந்த அம்மா செய்தது அதைத்தான்.

அப்பா இப்போது வண்டி ஓட்டுவதில்லை. கண் பார்வை குறைந்துவிட்டது. பெரட்டுக் களம் இருந்த இடத்தில் வீடுகள் வந்துவிட்டன. பால் வாளிகளில் ஒன்று மட்டும் எங்கள் வீட்டுக் கொல்லையில் கறிவேப்பிலைச் செடியைத் தாங்கிக்கொண்டிருக்கிறது.

சென்ற தீபாவளிக்கு முந்தைய வாரம் அவரோடு பேரங்காடிக்குப் போனேன். நிறுத்துமிடத்தின் கடைசி வரிசையில் ஒரு கட்டம் கிடைத்தது. அதைக் கடந்து நிறுத்தி, சமிக்ஞை போட்டுவிட்டுப் பின்கியருக்கு மாற்றினேன். பின்னால் வந்த இளைஞர் பொறுமையிழந்து இரண்டு தடவை ஒலியெழுப்பினார். அப்பா சன்னலை இறக்கிக் கையை வெளியே நீட்டி, கொஞ்சம் பொறுக்கும்படி சைகை காட்டினார். முதல் தடவையில் வலப்பக்கக் கோட்டை மிதித்துவிட்டேன். முன்னே எடுத்து மறுபடியும் விட்டேன். மூன்றாவது தடவையில் நேராக நின்றது.

அப்பா உள்ளங்கையால் கதவின் வெளிப்புறத்தில் தட்டினார். நான் கைத்தடையை இழுத்தேன்.